வீரப் போர் (சால்வதோர் ரோசா ஓவியம்)

வீரப் போர் (1652) இத்தாலிய ஓவியர் சால்வதோர் ரோசா (1615–1673) வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். பரோக் காலக் குதிரைப்படைப் போர்க்காட்சிகளில் முக்கியமானது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பெயரில் வீரம் இருந்தாலும் ஓவியத்தில் தனித்துத் தெரியும் வீரன் எவரும் இல்லை.

பின்னணி

ரோசா நேப்பிள்ஸை அடுத்த அரெனெல்லாவில் பிறந்தார். போர்க்காட்சிகளுக்குப் புகழ்பெற்ற அனியெல்லோ ஃபால்கோனேயிடம் பயின்றதாகக் கூறப்படுகிறது. 1640-களில் ஃப்ளாரன்ஸில் மெடிசி குடும்பத்தினருக்காக வரைந்தார். 1649-ல் ரோம் திரும்பினார். இந்த ஓவியத்தை வரையச் செய்தவர் பிரான்சுக்கான போப்பின் தூதர் நெரி கோர்சினி. பதினான்காம் லூயி மன்னருக்கான பரிசாக இது திட்டமிடப்பட்டது. அப்போது பிரான்சில் ஃப்ரோந்து என்னும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது.

காட்சி

முன்புறத்தில் குதிரைகளும் வீரர்களும் ஒரே திரளாகப் பின்னிக் கிடக்கின்றனர். வீழ்ந்தவர்கள் குளம்புகளுக்கு அடியில் கிடக்கிறார்கள். துப்பாக்கி இல்லை, கவசமும் வாளும் ஈட்டியும் பழங்காலத்தவை. இடப்புறம் சிதைந்த கட்டடத்தின் தூண்கள், பின்னால் மலைகள், மேகம் சூழ்ந்த வானம். எந்த வரலாற்றுப் போர் என்பதற்கான அடையாளம் இல்லை. எந்தப் படை வெல்கிறது என்பதும் தெரிவதில்லை.

விமர்சனம்

ரூபன்ஸ் முடிக்காமல் விட்ட ஈவ்ரிப் போர் ஓவியத்துடன் இதை ஒப்பிடலாம். அதில் நான்காம் ஹென்றி மன்னரே மையம். போரின் குழப்பம் முழுவதும் அவரது வெற்றிக்குப் பின்னணியாகிறது. ரோசாவின் ஓவியத்தில் பார்வை ஓரிடத்தில் நிலைப்பதில்லை. ஓங்கிய ஒரு கையிலிருந்து விழும் ஓர் உடலுக்கும், அங்கிருந்து மிரண்ட குதிரைக்கும் தாவுகிறது. போரை உள்ளிருந்து காண்பவனின் திகைப்பு இதனால் பார்வையாளனுக்கும் நேர்கிறது.

ஃபால்கோனேயின் இத்தகைய ஓவியங்களைக் கலை வரலாற்றாசிரியர் ஃப்ரிட்ஸ் சாக்சல் ‘நாயகன் இல்லாத போர்க்காட்சி’ என்று வகைப்படுத்தினார். இவ்வகையை உடனே போர் எதிர்ப்பாகக் கொள்வது அவசர முடிவு. குறிப்பிட்ட மன்னரின் வெற்றியைச் சாராத போர்க்காட்சியை எந்தச் செல்வந்தரும் வாங்கி மாளிகையில் மாட்டலாம். நாயகன் இல்லாமை சந்தைக்கும் உகந்ததாக இருந்தது.

ஓவியத்தின் எல்லையும் இங்கேதான் உள்ளது. வீரர்களின் உடல்கள் ரோமானியக் கல்லறைப் பேழைகளின் புடைப்புச் சிற்பங்களை நினைவூட்டும் கட்டமைப்பு கொண்டவை. அந்த அழகு சாவின் கொடுமையைத் தொலைவில் நிறுத்துகிறது. ஜாக் கல்லோ 1633-ல் வெளியிட்ட ‘போரின் பெருந்துயரங்கள்’ செதுக்கோவியங்களில் கொள்ளையிடப்படும் குடியானவர்கள் இருக்கிறார்கள். ரோசாவின் போரில் படைவீரர்கள் மட்டுமே உள்ளனர். போரின் விலையைக் கொடுக்கும் மக்கள் காட்சிக்கு வெளியே நிற்கிறார்கள்.

கலை இடம்

வெற்றிகளையே ஓவியங்களாகப் பெற்றுப் பழகிய அரசமரபுக்கு வெற்றியாளன் இல்லாத ஒரு போர் பரிசாகச் சென்றது என்பதே இந்த ஓவியத்தின் தனித்தன்மை. ரோசா போரைக் கண்டிக்கவில்லை. ஆனால் அதன் பெருமையை எவருக்கும் உரிமையாக்கவும் இல்லை. மன்னர் தன்னைப் பொருத்திப் பார்க்க இதில் ஓர் இடமும் இல்லை என்பதே இதன் வலிமை.