செவிமடுக்காத மேளம்

எமது விமர்சனம் சொல்லை மட்டுமே கேட்கிறது. நாட்டார் கவிகளைத் தொகுத்தோர் பலர் வரிகளை அச்சிட்டு மெட்டை விட்டுவிட்டார்கள். சிறுகதை விமர்சகர்களும் பாத்திரங்கள் பேசியதைப் பார்ப்பார்கள். சுற்றி ஒலித்ததைப் பாரார்கள். பொருள் விளங்கிக் கேட்பதுதான் கேட்டல் என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி அப்படி நினைக்கவில்லை. 'இஹ்யா உலூமித்தீ'னில் இசையின் வலிமைக்கு அவர் சாட்சியாக அழைப்பது தொட்டில் பிள்ளையையும் ஒட்டகத்தையும். இரண்டுக்கும் பாட்டின் பொருள் தெரியாது. பிள்ளை அழுகையை நிறுத்துகிறது, ஒட்டகம் சுமையை மறந்து நடக்கிறது. மார்க்க அறிஞர்கள் 'ஸமாஉ' என்றும் 'இஸ்திமாஉ' என்றும் பிரித்துப் பேசினர்: தானாகக் காதில் விழுவது வேறு, நாடிச் செவிமடுப்பது வேறு.

மூளை ஆய்வாளர்கள் அளந்தது முன்னதை. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது இடையில் ஒன்று மாறினால், வேறு காரியத்தில் கவனமாயிருப்பவரின் மூளையும் சுமார் ஐந்திலொரு விநாடியில் அதைக் கண்டுகொள்கிறது. பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனன் குழுவினர் 1978இல் இதைக் காட்டினர். 2009இல் வெளியான ஆய்வொன்று இன்னும் வியப்பானது. பிறந்து இரண்டு மூன்று நாளேயான சிசுக்கள் உறங்கும்போது மேளத்தாளம் ஒலிக்கவிட்டனர். தாளத்தின் முதலடி விடுபட்டபோது அவற்றின் மூளை அதை உணர்ந்தது. ஒலிக்காத அடியை!

வீரமுனையும் சம்மாந்துறையும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் மேளம் எங்களுக்காக அடிக்கப்பட்டதல்ல; நாங்கள் அதைச் செவிமடுத்ததுமில்லை. எங்கள் பாங்கு அவர்களுக்கும் அப்படித்தான். 1990 ஆகஸ்ட் 12இல் அந்தக் கோயிலில் தஞ்சமடைந்திருந்தோர் கொல்லப்பட்டார்கள். ஊர் வெறிச்சோடியது. குற்றச்சாட்டு எம்மவரான ஊர்காவற்படையினர் மீது. அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் எம்மவர் கொல்லப்பட்டனர். அவற்றை எழுதினோம், எழுதத்தான் வேண்டும். வீரமுனையில் மேளம் நின்றுபோன மாலையை மட்டும், நான் வாசித்த எம்மவர் கதை எதிலும் காணவில்லை. குற்றச்சாட்டுக்கு அஞ்சி ஒதுங்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கதாசிரியன் அங்கே தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. காது அறிந்ததைச் சொன்னால் போதும்.

ஆய்வுகூடம் அளப்பது கணங்களை, ஊரின் மாலைகளை அல்ல. அது கதையின் வேலை. சம்மாந்துறைக் கடையொன்றில் அரிசி அளந்துகொண்டிருந்த கை, ஏனென்று தெரியாமல் ஒரு கணம் நின்றிருக்கும். அந்தக் கையை இன்னும் யாரும் எழுதவில்லை.