புகையும் நெருப்பும்: மூளை அழுத்தத்தைக் கேளா ஒலியால் அறிதல்

மண்டையோட்டைத் துளைக்காமலே மூளையின் அழுத்தத்தை அளந்துவிடலாம் என்னும் கூற்று மருத்துவ உலகில் மிகுதியாகப் பேசப்படுகிறது. அறுவையின்போது மயக்கத்திலிருப்பவரின் மூடிய இமைமேல் கேளா ஒலிக் கருவியை, அதாவது ஸ்கேன் கருவியை, மெல்ல வைத்துப் பார்வை நரம்பைச் சூழ்ந்த உறையின் அகலத்தைக் காண்பதே அம்முறை. மூளையைச் சூழ்ந்த நீர் அவ்வுறைக்குள்ளும் பரவியிருப்பதால், உள்ளே அழுத்தம் மிகுந்தால் உறை விரியும். விழிக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் தள்ளி அகலத்தைக் குறிப்பது வழக்கம்.

இதனை அளத்தல் என்பது பொருந்துமா? காண்டல் வேறு, கருதல் வேறு என்பது மணிமேகலை ஓதியோர் அறிந்ததே. மூளையின் நீரறைக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தைப் பதிவு செய்வது காண்டலுக்கு நெருங்கியது. சுவீடன் நாட்டு லுண்ட்பெர்க் 1960இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. உறையைக் கண்டு அழுத்தத்தை உணர்வதோ புகையைக் கண்டு நெருப்பை உணர்வது. கருதலும் அறிவே, இழிவன்று. ஆயின் புகையும் நெருப்பும் பிரியாத் தொடர்புடையனவாதல் வேண்டும். இங்கே அத்தொடர்பு தளர்கிறது.

எல்லை 5 மில்லிமீட்டர் என்பாரும் உளர். 6ஐ நெருங்குவாரும் உளர். நலமுள்ள இருவரின் உறைகளுக்கிடையேகூட அவ்வளவு வேறுபாடு இருக்கக்கூடும்! இறந்தோரின் நரம்புகளில் நடந்த சோதனையில், மிகுந்த அழுத்தத்தால் விரிந்த உறை, அழுத்தம் தணிந்தபின்னும் முழுமையாகச் சுருங்கவில்லை. நெருப்பு அணைந்தும் புகை நிற்கிறது.

1982இல் ஆஸ்லிட் குழுவினர் வெளியிட்ட டாப்ளர் முறை, பொட்டெலும்பின் வழியே மூளைக் குருதியின் வேகத்தைக் காட்டும். கரியமில வாயு, இரத்த அழுத்தம், மயக்க மருந்து ஆகியவை அவ்வேகத்தை மாற்றும். இவற்றையெல்லாம் ஆள்பவர் மயக்க மருத்துவரே. தாம் எழுப்பிய புகையைக் கண்டு தாமே மருளும் இடர் அவருக்கு உண்டு. எலும்பு தடித்த சிலரிடமோ ஒலி நுழைவதே இல்லை.

அதனால் இம்முறைகளைத் தள்ளிவிடலாகாது. விழித்திருப்பவர் தலைவலி என்பார், வாந்தி எடுப்பார். மயங்கியவர் எதனையும் உரையார். வயிற்றில் கரியமில வாயு நிரப்பி, தலையை மிகத் தாழ்த்திச் செய்யும் புரோஸ்டேட் ரோபோ அறுவையில் உறை விரிவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளை நோயற்ற அவர்களின் மண்டையைத் துளைக்க எவர் துணிவார்? கேளா ஒலிக்கு உரிய இடம் அதுவே. ஆனால் வழங்கிவரும் எல்லை எண்கள் பெரும்பாலும் மூளையில் காயமோ குருதிக்கசிவோ உற்றுத் தீவிரச் சிகிச்சையிலிருந்தோரிடம் பெற்றவை. அவற்றை இவர்கள்மேல் அப்படியே ஏற்றுவதுதான் இம்முறையைப் புகழ்வோர் செய்யும் பெரும்பிழை. தலையைத் தாழ்த்துமுன் அந்நோயாளியின் இரு கண்ணிலும் ஓர் அளவு எடுத்துக்கொண்டு, பின்னர் எடுப்பதை அதனோடு ஒப்பிடுதலே தக்கது. உறை மேன்மேலும் விரியுமாயின் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவைச் சரிபார்க்கலாம். தலையைச் சற்றே உயர்த்த இயலுமா என்று அறுவை மருத்துவரைக் கேட்கலாம்.