நடுப்பாகத்தின் மேல் விழும் கோபம்

ஜே.ஆர்.ஆர். டோல்கினின் 'தி டூ டவர்ஸ்' 1954 நவம்பரில் வெளிவந்தது. நாயகன் ஃப்ரோடோவை எதிரிகள் உயிரோடு தூக்கிப் போய்விட்டார்கள்; சாத்திய கதவுக்கு வெளியே அவன் தோழன் சாம் கிடக்கிறான். புத்தகம் அத்தோடு முடிகிறது. அடுத்த பாகம் வாசகர் கைக்கு வர 1955 அக்டோபர் ஆயிற்று. டோல்கின் எழுதியது உண்மையில் ஒரே நாவல். காகிதம் விலையேறிக் கிடந்த காலம் என்பதால் பதிப்பாளர் அதை மூன்றாகப் பிரித்தார். பின்னிணைப்புகள் முடியாமல் இழுத்ததால் கடைசிப் பாகம் தாமதமானது. அச்சகக் கணக்கில் பிறந்த இந்தப் பிரிவையே பின்னால் வந்தவர்கள் காவிய மிகுபுனைவின் வடிவமாக எடுத்துக்கொண்டார்கள். அதோடு வாசகரின் காத்திருப்பும் அந்த வடிவத்தின் பகுதியாகிவிட்டது.

கடந்த முப்பது ஆண்டுகளில் இவ்வகைத் தொடர்களின் புதிய பாகங்களுக்கு வந்த எதிர்வினைகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: வாசகர் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வது கையிலிருக்கும் புத்தகத்தைப் பற்றி அல்ல, அதற்காகத் தான் கொடுத்த வருடங்களைப் பற்றி.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடர். 1990இல் தொடங்கிய முதல் பாகங்கள் வருடத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் வந்தன. பிறகு இடைவெளி இரண்டு வருடமாயிற்று. 2000 நவம்பரில் வந்த ஒன்பதாம் பாகத்தின் முடிவில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நஞ்சேறிக் கிடந்த மாயசக்தியின் ஆண்பாதியை நாயகன் ராண்ட் சுத்திகரிக்கிறான். தொடரின் மிகப் பெரிய நிகழ்வுகளில் அது ஒன்று. அடுத்து என்ன ஆகும் என்று காத்திருந்தவர்களுக்கு 2003 ஜனவரியில் கிடைத்தது 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்'. அதில் ஜோர்டான் கதையைப் பின்னுக்கு இழுத்து, அதே நாளில் மற்ற பாத்திரங்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். ஒருவர் பின் ஒருவராகத் தொலைவில் பேராற்றல் கொதிப்பதை உணர்கிறார்கள், திகைக்கிறார்கள், தங்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள். ராண்ட் கண்ணில் படுவதே அரிது. எதுவுமே நடக்காத புத்தகம் என்று வாசகர்கள் கொதித்துப் போனார்கள். அந்த அமைப்பு தான் நினைத்தபடி வாய்க்கவில்லை என்று ஜோர்டானே பிறகு ஒப்புக்கொண்டார். விற்பனையில் மட்டும் குறையில்லை. நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் அதற்கே. திட்டியவர்களும் வாங்கினார்கள்.

ஆனால் எதுவும் நடக்காத அந்தப் புத்தகத்தில்தான் பெரின் என்ற பாத்திரத்தின் கோடரி வருகிறது. முதல் பாகத்திலேயே எலையாஸ் என்பவன் அவனிடம் சொல்லியிருப்பான்: இந்தக் கோடரியை வெறுக்கும்வரை வைத்திரு, வெறுப்பு போய்விட்டால் தூக்கி எறிந்துவிடு என்ற பொருளில். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் பாகத்தில், மனைவி ஃபாயிலைக் கடத்தியவர்களைத் தேடி அலையும் பெரின், பனியில் பிடிபட்ட கைதி ஒருவனிடம் உண்மையை வரவழைக்க அவன் கையையே வெட்டுகிறான். பிறகு கோடரியை ஒரு மரத்தில் பாய்ச்சிவிட்டு அங்கேயே விட்டுப் போகிறான். எனக்குத் தொடர் முழுவதிலும் மிக நெருக்கமான காட்சிகளில் இது ஒன்று. வந்த காலத்தில் இதை நின்று பார்க்கப் பலருக்குப் பொறுமை இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஃபாயில் கடத்தப்பட்டது 1998இல் வந்த பாகத்தில், மீட்கப்பட்டது 2005இல் வந்த பாகத்தில். கதைக்குள் அது ஒரு குளிர்காலம். வாசகருக்கு ஏழு வருடம். இன்று பதினான்கு பாகங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு படிப்பவர் அதே பக்கங்களைச் சில நாட்களில் கடந்துவிடுகிறார். அவருக்கு அது மந்தமான பாகம், அவ்வளவுதான். காயம் எதுவும் இல்லை.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' 2005இல் வந்தபோதும் இதே கதி. எழுதியது ஒரு புத்தகத்துக்கு மேல் போய்விட்டதால் அவர் பாத்திரங்களை இடவாரியாகப் பிரித்தார். வாசகருக்குப் பிடித்த ஜான், டெனேரிஸ், டிரியன் மூவரும் அடுத்த பாகத்துக்குப் போனார்கள். அது மறுவருடமே வரும் என்று நம்பி எழுதினார். வந்தது 2011 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் வாசகரிடம் மிஞ்சியது, காணாமல் போன சான்சா என்ற பெண்ணைத் தேடி அவள் இல்லாத திசைகளிலெல்லாம் அலையும் பிரியென் என்ற பெண் வீரர். சான்சா எங்கே என்று வாசகருக்கு முன்பே தெரியும். எனவே அந்தப் பயணம் வீண் என்று பட்டது. ஆனால் அந்த வீண் பயணத்தில்தான் வெறுங்காலோடு ஊர் ஊராய் நடக்கும் மெரிபால்ட் என்ற துறவி பேசுகிறார். பிரபுக்களின் சண்டைக்கு இழுத்துப் போகப்பட்ட குடியானவன் எப்படிக் கடைசியில் கொள்ளைக்காரனாகச் சிதைந்து போகிறான் என்று அவர் சொல்லும் அந்த ஒரு பேச்சு, போரைப் பற்றி அந்தத் தொடர் சொல்ல வந்தது முழுவதையும் தாங்கியிருக்கிறது. அதன் மதிப்பு பல வாசகர்களுக்கு இரண்டாம் வாசிப்பில்தான் புலப்பட்டது. இரண்டு பாகங்களின் அத்தியாயங்களையும் கால வரிசையில் கோத்துப் படிக்கும் முறையை வாசகர்களே பின்னர் வகுத்தார்கள்.

பிடித்த பாத்திரங்களை எடுத்துவிட்டதுதான் குற்றம் என்றால், ஸ்டீவன் எரிக்சன் இன்னும் பெரிய குற்றவாளி. நான்கு பாகங்களில் பழக்கிய உலகத்தை விட்டுவிட்டு, 2004இல் வந்த ஐந்தாம் பாகமான 'மிட்நைட் டைட்ஸ்' நாவலில் வேறொரு கண்டம், ஏறத்தாழ முற்றிலும் புதிய மனிதர்கள். முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனால் 2006இல் அடுத்த பாகம் வந்துவிட்டது, 2011இல் பத்தும் முடிந்துவிட்டன. இன்று அந்த ஐந்தாம் பாகத்தையே தங்களுக்கு மிகப் பிடித்ததாகச் சொல்பவர்கள் பலர்.

காத்திருப்பின் அடியில் இருப்பது மரணம். ஸ்டீபன் கிங்கின் 'டார்க் டவர்' தொடரில் 1991க்குப் பிறகு அடுத்த பாகம் வர 1997 ஆயிற்று. புற்றுநோயில் இருந்த ஒரு பாட்டி, முடிவை மட்டும் சொல்லிவிடுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கேட்டதையும், மரண தண்டனைக் கைதி ஒருவர் அதையே கேட்டதையும் கிங் பதிவு செய்திருக்கிறார். எழுதினால்தான் தனக்கே முடிவு தெரியும் என்பதால் அவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. ஜோர்டான் விஷயத்தில் எழுத்தாளரே முந்திக்கொண்டார். அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோயில் 2007 செப்டம்பரில் இறந்தார். அவருடைய குறிப்புகளைக் கொண்டு தொடரை முடிக்கும் பொறுப்பை, பதிப்பாசிரியரும் மனைவியுமான ஹாரியட் மெக்டூகல் இளம் எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனிடம் கொடுத்தார்.

2009இல் சாண்டர்சனின் முதல் பாகம் வந்தபோது வாசகர்கள் நன்றியோடுதான் வரவேற்றார்கள். ஆனாலும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: மாட் என்ற முக்கியப் பாத்திரம் பேசுவது மாட் மாதிரி இல்லை. ஜோர்டானின் மாட் தான் வேடிக்கையானவன் என்று அறியாதவன். நான் வீரனும் இல்லை பிரபுவும் இல்லை என்று புலம்பிக்கொண்டே வீரனாக நடந்துகொள்வான். சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கும். சாண்டர்சனின் மாட் தானே நகைச்சுவை செய்தான். ஓர் ஊருக்குள் நுழையத் தன் ஆட்களுக்குப் பக்கம் பக்கமாகப் பொய்க்கதை எழுதினான். மாட்டைத் தான் சரியாகப் பிடிக்கவில்லை என்று சாண்டர்சனும் ஏற்றுக்கொண்டார். இரண்டு எழுத்தாளர்களின் நகைச்சுவை வேறுபடும் இடத்தை விமர்சகர்களுக்கு முன்பாகவே துல்லியமாகத் தொட்டவர்கள் இந்தச் சாதாரண வாசகர்கள். இருபது வருடம் ஒரு குரலோடு வாழ்ந்த காது அது.

சாண்டர்சனின் சொந்தத் தொடரான 'ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்' இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. 2010, 2014, 2017, 2020, பிறகு 2024 டிசம்பரில் ஐந்தாம் பாகமான 'விண்ட் அண்ட் ட்ரூத்'. இந்த ஐந்து பாகங்களையும் மூன்று நான்கு வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் கொடுத்தார். அச்சேறும் முன்பே தேர்ந்தெடுத்த வாசகர்களிடம் படிக்கக் கொடுத்து, அத்தியாயம் அத்தியாயமாக அவர்கள் கருத்தைக் கேட்கிறார். காத்திருப்பின் மனக்குறை இங்கே பெரிதாக இல்லை. எனவே அந்தப் பெரும் பாகத்துக்கு வந்த எதிர்ப்பு தாமதத்தைப் பற்றியோ, காணாமல் போன நாயகனைப் பற்றியோ இல்லை. நடையைப் பற்றி வந்தது. நாயகன் கலாடினும் ஸெத் என்ற கொலைகாரனும் சேர்ந்து போகும் பகுதியில் உரையாடல் இன்றைய மனநல ஆலோசனை அறையின் பேச்சாக இருக்கிறது என்றார்கள் பலர். மனச்சோர்வோடு வாழ்பவர்கள் சிலர் அந்தப் பகுதியே தங்களைத் தாங்கியது என்றார்கள்.

இரு தரப்பையும் நான் மதிக்கிறேன், ஆனால் முதல் தரப்பின் பக்கமே நிற்கிறேன். புயலுக்குப் புல்லே மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும் ஓர் உலகத்தைச் சாண்டர்சன் கட்டியிருக்கிறார். அங்கே துயரப்படுபவனைத் தேற்றவும் அந்த மண்ணுக்கே உரிய ஒரு பேச்சு இருந்திருக்க வேண்டும். முதல் பாகத்தில் பாலம் சுமக்கும் அடிமைகளுக்கு நடுவே கலாடின் பேசாமலே அதைச் செய்தான்: அடிபட்டவர்களைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் சாக விடாமல் தூக்கிக்கொண்டு வந்தான்.