8.5 மிமீ ட்ரில்: ஐடிஐ பாடநூல் சொன்னதும் விட்டதும்

ஐடிஐ ஃபிட்டர் பாடநூலில் டேப் ட்ரில் சைஸ் பற்றிய பாடம் ரொம்பச் சின்னது. சென்னை கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனத்தின் வெளியீடு. ஏலகிரி அடிவாரத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வரை தோல், ஷூ மெஷின்களைப் பழுது பார்ப்பவர்களில் ஐடிஐ படித்தவர்கள் உண்டு. அவர்கள் கைக்குப் போகிற பாடம் என்பதால் கொஞ்சம் கறாராகவே படிக்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பட்டறைச் சுவரில் தொங்கும் சார்ட் "எம்10க்கு 8.5" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இந்த நூல் காரணம் சொல்கிறது. எம்10, பிட்ச் 1.5. மரையின் ஆழம் 0.6134 × பிட்ச்; இரண்டு பக்கமும் சேர்த்தால் 1.839. கழித்தால் 8.161 மிமீ துளை. அது 100% மரை. ஆனால் அவ்வளவு தேவையில்லை, சாதாரண நட்டில் 60% இருந்தாலே போல்ட்தான் முதலில் உடையும், சதவீதம் கூடினால் டேப்பைத் திருப்புவதும் கஷ்டம் என்கிறது. அதனால் விட்டத்திலிருந்து பிட்சைக் கழி: 8.5. கணக்கையும் காட்டி, பட்டறை அதை ஏன் அப்படியே பின்பற்றுவதில்லை என்பதையும் காட்டும் நல்ல வரிசை இது.

சிக்கல் அந்த "100%" என்ற சொல்லில் இருக்கு. எதில் 100%? ஐஎஸ்ஓ 6ஹெச் அளவின்படி எம்10 உள்மரையின் உள்விட்டம் 8.376 முதல் 8.676 வரை இருக்கலாம். 8.161 கீழ் எல்லைக்கும் கீழே. அதே 8.5 துளை, நூலின் கணக்கில் சுமார் 82%. விட்டத்தில் கழிக்க வேண்டியது 1.299 × பிட்ச் என்று வைக்கும் கையேடுகளின் கணக்கில் 77%. ஐஎஸ்ஓ உள்மரை உயரத்தை வைத்தால் 92%. ஒரே துளை, மூணு சதவீதம். நூலின் 60%ஐ நம்பி ட்ரில் தேடினால் 8.9 வரும், அது மேல் எல்லையைத் தாண்டிவிடும். சாஃப்ட்வேரில் யூனிட் எழுதாத நம்பர் எவ்வளவு ஆபத்தோ, அடிப்படை சொல்லாத சதவீதமும் அவ்வளவு ஆபத்து.

இரண்டாவது, நட்டுக்கான நியாயத்தை எல்லாத் துளைக்கும் நீட்டுவது. எம்10 நட் 8 மிமீக்கு மேல் தடிமன் உள்ள எஃகு. 3 மிமீ தகட்டில் கிடைப்பது இரண்டே சுற்று மரை. அலுமினியம் பாடியில் உலோகமே மெத்து. அங்கே துளையைச் சின்னதாக்கிப் பலம் தேடினால் டேப்தான் மாட்டும். மரையின் நீளத்தைக் கூட்டணும், இல்லை ஹெலிகாயில் போடணும். ஸ்டெயின்லெஸ்ஸில் ஆழமாக டேப் போடும்போது 8.6 எடுத்தால் டேப் தப்பிக்கும், எல்லைக்குள்ளும் இருக்கும். இந்த யோசனைக்குப் பாடத்தில் இடமில்லை.

மூன்றாவது, சூத்திரம் வெட்டும் டேப்புக்கு மட்டும்தான் என்று ஒரு வரி இருந்திருக்கலாம். ஃபார்ம் டேப் உலோகத்தை வெட்டாது, தள்ளி மரை ஆக்கும். எம்10க்குச் சுமார் 9.3 துளை வேண்டும். அதை 8.5 துளையில் திருகினால் உடையும். பாடிக்குள் உடைந்த டேப்பைச் சாதாரண ட்ரில் பிட் தொடாது. அதைச் சேதமில்லாமல் எடுக்கும்வரை மெஷின் சும்மா நிற்கும், லைனும் நிற்கும்.

நூலின் விடை சரிதான். ஆனால் விடையை மட்டும் மனப்பாடம் செய்த பையன் அடுத்த துளையில் திணறுவான். எம்8இல் கழித்தால் 6.75 வருது, சார்ட்டில் 6.8 இருக்கு, எது சரி? எல்லை 6.647 முதல் 6.912 வரை. ரெண்டுமே சரி. 6.8 கடையில் சுலபமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அட்டவணையில் ட்ரில் சைஸுக்குப் பக்கத்தில் இந்த ரெண்டு எல்லைகளையும் அச்சடித்தாலே போதும். எவ்வளவு நகரலாம் என்று படிக்கிறவனுக்கே தெரிந்துவிடும்.