தள்ளுபடி யாருடைய பங்கு?

“நூலை எங்கே வாங்கினால் என்ன? படிப்பதுதானே முக்கியம்” என்று கூறுவோர் இன்று பலர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கூற்றை, நூல்களை நேசிக்கும் நம் குடும்பங்கள் சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

சிட்லபாக்கம் போன்ற புறநகரில் வாழும் நாம், இஸ்லாமியத் தமிழ் நூலொன்று வேண்டுமெனில் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, மண்ணடிக்கு நடந்து செல்வது வழக்கமாக இருந்தது. இன்றோ கைபேசியில் கேட்டால் நூல் வாசலுக்கே வருகிறது. முதியோருக்கும் கைக்குழந்தையுள்ள தாய்மாருக்கும் இது பேருதவி என்பதில் ஐயமில்லை. இவ்வசதியை நாம் பழிக்கவில்லை. இதனோடு வரும் மலிவு எவர் பங்கிலிருந்து வருகிறது என்பதே நம் வினா.

பதிப்பாளர் நூலின் விலையில் ஒரு பகுதியைக் கடைக்காரருக்குக் கழிவாகத் தருகிறார். கடை வாடகையும், ஆள் கூலியும், விற்காமல் தங்கிய நூல்களில் முடங்கிய பணமும் அக்கழிவிலிருந்தே ஈடாக வேண்டும். பெரும் இணைய நிறுவனமோ அக்கழிவையே தள்ளுபடியாக நமக்கு விட்டுக்கொடுத்து, இழப்பை வேறு சரக்குகளில் ஈடுசெய்துகொள்ள இயலும். 1995இல் அமேசானும் 2007இல் பிளிப்கார்ட்டும் நூல் விற்றே கடை திறந்தன. இன்று அவை விற்காத பொருளில்லை. நூலை மட்டுமே நம்பியிருக்கும் சிறு கடைக்காரருக்கு அவ்வழி ஏது?

கடை ஒன்று மூடப்பட்டால் நட்டம் கடைக்காரரோடு நிற்பதில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ இதழில் தொடராக வந்து, 1988இல் அவராலேயே நூலாக வெளியிடப்பட்டது. அவர் 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றதை நாடறியும். விருதுக்கு முந்தைய ஆண்டுகளில் அத்தகைய நூலை “இதைப் படித்துப் பாருங்கள்” என்று எடுத்துக் கொடுக்கக் கடைக்காரர் ஒருவர் வேண்டும். பெயர் தெரிந்த நூலையே நாம் இணையத்தில் தேடுகிறோம். பெயரறியாத எழுத்தாளரை யார் தேடுவார்?

பிற நாட்டார் இதனை உணர்ந்துள்ளனர். பிரான்சில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் புதிய நூல்களின் தள்ளுபடியை 5 சதவிகிதத்துக்குள் நிறுத்தியது. 35 யூரோவுக்குக் குறைவாக நூல் வாங்குவோரிடம் வீட்டுக்கு அனுப்பக் குறைந்தது 3 யூரோ பெற வேண்டுமென்ற விதியும் 2023 அக்டோபரில் அங்கு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 2020இல் தோன்றிய ‘புக்‌ஷாப்’ என்னும் இணையதளம், தன் வருவாயில் ஒரு பகுதியைச் சிறு புத்தகக் கடைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஆகவே இணையம் பகையன்று. அதனை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதே பொருள்.

நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. எனினும் வழி உண்டு. தமிழ்ப் பதிப்பாளர் பலர் தம் சொந்த இணையதளத்திலேயே நூல் விற்கின்றனர். சிறு கடைக்காரர்கள் தொலைபேசியில் கேட்டாலும் அஞ்சலில் அனுப்பி வைக்கின்றனர். அஞ்சல் செலவு நம்முடையதாயினும் விலை உரியவரைச் சேரும். 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் பதிப்பாளரிடம் நேரே வாங்கலாம். அங்கும் 10 சதவிகிதத் தள்ளுபடி உண்டு.

யாவற்றினும் கொடிது, வாட்ஸ்அப்பில் முழு நூலின் நகலைச் சுற்றுக்கு விடுவது. அதனை அறிவுத் தொண்டு என்பாரும் உளர். எழுதியவருக்கு ஒரு காசும் சேராத அச்செயல் அவருடைய ஹக்கைப் பறிப்பதேயாகும்.

உமறுப்புலவரை ஆதரிக்க வள்ளல் சீதக்காதி இருந்தார். இன்றைய எழுத்தாளருக்கு வள்ளல் எவருமில்லை. விலை கொடுத்து வாங்கும் குடும்பங்களே உள்ளன. இருபது முப்பது ரூபாய்த் தள்ளுபடியை நாம் விட்டுக்கொடுத்தால், அவருடைய அடுத்த நூல் அச்சேறும்.