கொத்துப்பட்ட அம்மி

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் அம்மியின் நடுப்பகுதி சற்றே குழிந்திருக்கிறது. கருங்கல்தான். ஆனாலும் அப்பத்தா, அம்மா என்று இரண்டு தலைமுறைக் கைகள் குழவியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளியே அந்தப் பள்ளத்தை உண்டாக்கிவிட்டன. குழவிக்கும் இடுப்பு சிறுத்துவிட்டது. ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்திப்போனவை. வேறு குழவியை வைத்தால் மிளகாய் சரியாக மசியாது.

வழவழப்பான அம்மியால் பயனில்லை. தேய்ந்து வழுக்கத் தொடங்கினால் சீரகம் அரைபடாமல் உருண்டோடும். அப்போதுதான் “அம்மி கொத்தலையோ” என்ற குரலுக்குத் தெருவில் காது கொடுப்போம். உளியும் சுத்தியலுமாகக் குந்தி உட்கார்ந்து அம்மி கொத்துபவர் போடும் சின்னச் சின்னப் புள்ளிகளில் அம்மிக்கு மறுபடி உயிர் வரும். அந்தக் காயங்கள்தான் அதற்குப் பல். கல்தூள் போக ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டிய பிறகே மசாலாவைத் தொட வேண்டும்.

கொத்த வந்த யாரோ ஒருவர், கேட்காமலே, தலைமாட்டில் ஒரு மீனைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். கூலிக்குக் கணக்கில்லாத வேலை அது. பாதி அழிந்துவிட்டது, மழை நனைத்த காலைகளில் மட்டும் செதில்கள் தெரிகின்றன.