கொடுப்பனவு முறைமையும் மத்திய வங்கியின் மேற்பார்வையும்

நாணயத்தின் பெறுமதியைக் காத்தலே மத்திய வங்கியின் கடன் என்பர் பலர். அந்நாணயம் ஒரு கையினின்று மறு கைக்குப் பழுதின்றிச் செல்லும் வழியைக் காத்தலும் அதன் கடனேயாம்.

வழி பழுதாயின் விளைவது யாதென மலைநாடு முன்னரே அறியும். தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிற்று. குறித்த கடன் தீர்க்கப்படின் கங்காணியையும் அவர்தம் ஆட்களையும் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுப்பது அது. புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்க்கும். ஆட்களும் கடனும் ஒருங்கே கைமாறுவர். கடனைச் சுமந்த தொழிலாளரோ பெரும்பாலும் அச்சீட்டை வாசித்தறியார். 1921ஆம் ஆண்டிலேயே சட்டம் அம்முறையை ஒழித்தது.

இலங்கை மத்திய வங்கி 1950ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிற்று. பெருந்தொகைக் கட்டளைகளை ஒவ்வொன்றாக அவ்வப்பொழுதே முடிவாகத் தீர்க்கும் 'லங்காசெட்டில்' முறைமை 2003இல் வந்தது. ஒரு வங்கி தவறின் ஏனையவும் சிக்குறாமற் காப்பது இம்முறை. 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் மேற்பார்வை அதிகாரத்தை வங்கிக்கு அளித்தது. 2006 முதல் காசோலைத் தாளுக்கு மாறாக அதன் படிமமே தீர்வகத்துக்குச் செல்கின்றது. அட்டனுக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட தூரம் இவ்வாற்றாற் சுருங்கிற்று. இவை பாராட்டத்தக்கனவே.

ஆயின் ஈண்டு இரு குறைகள் நோக்கற்பாலன. லங்காசெட்டிலை நடத்துவதும் மத்திய வங்கி; மேற்பார்வை செய்வதும் அதுவே. சில்லறைக் கொடுப்பனவுகளை நடத்தும் லங்காபே நிறுவனத்திலும் அதற்குப் பங்குண்டு. மத்திய வங்கிக் கணக்கிற் செய்யும் தீர்வே ஐயமற்றது என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அது பொருந்துவதே. எனினும், தன் வேலையைத் தானே மதிப்பிடுவோன் அம்மதிப்பீட்டைப் பிறர் ஆராயும்படி வெளியிடல் வேண்டும்.

மற்றொன்று அளவுகோல் பற்றியது. எத்துணைக் கோடி ரூபா தடையின்றிச் சென்றது என்பது முறைமையின் வலிமையைக் காட்டும். அதன் நீதியைக் காட்டாது. கொழுந்து பறிப்பவரின் சம்பளம் கணக்கில் விழுந்தபின், பிடித்த தொகை யாது, கட்டணம் யாது, பிழை நேரின் எவரிடம் முறையிடுவது என்பவற்றை அவர் தம் மொழியில் அறிதல் வேண்டும். 2023இல் மத்திய வங்கி வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இத்திசையில் நல்ல தொடக்கம். அவை நுவரெலியாவின் லயன்வரை எட்டினவா என ஆராய்தலும் மேற்பார்வையின் கூறாதல் வேண்டும்.

துண்டின் தீமை தாளில் இருந்ததன்று. வாசிக்க இயலாதவர்மேல் அது செலுத்திய அதிகாரத்தில் இருந்தது. திரையில் தோன்றும் எழுத்தும் வாசிப்பார்க்கு விளங்காதாயின், முறைமை மாறியும் நிலைமை மாறாது.